பிள்ளையின் கேட்டலைப் பாடசாலையிலேயே சோதிக்கலாம்



வலுவிழந்த பிள்ளையொன்று வகுப்பில் சொன்னதைச் செய்யாவிட்டால், "அதற்கு விளங்காது" என்று முடிவுகட்டி விடுகிறோம். காது கேட்கிறதா என்று பார்ப்பவர் குறைவு. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பலருக்கு நடுக்காதில் பசைபோன்ற நீர் தேங்கிக் கேட்டல் குறைகிறது. பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளிலும் கேட்டற் குறை காணப்படுவதுண்டு. வெளியே தெரியும் குறை, தெரியாத குறையை மறைத்துவிடுகிறது. பேச்சு வளரும் வயது கழிந்தபின் கண்டறிந்தால் இழப்புப் பெரிது.

சோதிப்பது எப்படி?

செவிப்புல நிபுணர் நகரத்தில் இருக்கலாம். பாடசாலையில், பயிற்சி பெற்ற ஆசிரியரோ சுகாதார ஊழியரோ பிள்ளையின் காதுகளில் காதொலிக் கருவியை மாட்டுவார். கைத்தொலைபேசியோடு இணைந்த அக்கருவி 1000, 2000, 4000 ஹேர்ட்ஸ் ஒலிகளை 20 டெசிபல் அளவில் எழுப்பும். கேட்டதும் பிள்ளை கையை உயர்த்தும். கை இயங்காத பிள்ளை கண்ணைச் சிமிட்டலாம். சொன்னது விளங்காத பிள்ளைக்கு, ஒலி கேட்டதும் ஒரு புளியங்கொட்டையைப் பேணிக்குள் போடும் விளையாட்டை முன்கூட்டியே வீட்டில் பழக்கலாம். இதுவும் முடியாதெனில், உட்காது திருப்பி அனுப்பும் மெல்லொலியை அளக்கும் கருவியுண்டு. பிள்ளை அமைதியாயிருந்தாற் போதும். செவிப்பறையின் படமும் முடிவுகளும் இணையம்மூலம் நிபுணருக்குச் செல்லும்.

தகரக் கூரையில் மழை பெய்யும் வேளையில் சோதித்தால் முடிவு பிழைக்கும். அமைதியான அறை வேண்டும். வீட்டுத் தொலைபேசியில் பாட்டுப் போட்டுப் பார்ப்பது சோதனையாகாது.

அலாஸ்காவின் அனுபவம்

அமெரிக்காவின் அலாஸ்காவில், நோர்ட்டன் சவுண்ட் பகுதிக் கிராமங்களுக்கு வெளியிலிருந்து தெருப்பாதை இல்லை. அங்கு 15 கிராமங்களின் பாடசாலைகளில் 2017 முதல் 2019 வரை ஓர் ஆய்வு நடந்தது. சோதனையிற் குறை தெரிந்த பிள்ளைகளின் வீட்டுக்குக் கடிதம் மட்டும் அனுப்பிய இடங்களில், மூன்றிலொரு பங்கினரே மேற்சிகிச்சை பெற்றனர். பாடசாலையிலிருந்தே நிபுணருக்குத் தகவல் அனுப்பிய இடங்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெற்றனர். கூலியை இழந்து, இரண்டு பஸ் ஏறி வைத்தியசாலை போகும் நமக்கு இது பெரிய பாடம். எல்லாப் பயணமும் நிற்காது, வீண்பயணம் குறையும்.

நாம் செய்யவேண்டியவை

1. பாடசாலை வைத்தியப் பரிசோதனையின்போது, "என் பிள்ளையின் கேட்டலையும் பாருங்கள்" என்று கேளுங்கள். வசதி இல்லையெனில், அதிபரோடு சேர்ந்து சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுதுங்கள்.
2. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புகிறதா, காதில் சீழ் வடிகிறதா என்று கவனித்துக் குறித்து வையுங்கள்.
3. சீழ் வடியும் காதில் எண்ணெய் விடாதீர்கள், கோழியிறகால் குடையாதீர்கள்.
4. இடம் மாறும்போது சோதனை அறிக்கையைக் கிளினிக் கொப்பியோடு பத்திரமாக எடுத்துச் செல்லுங்கள்.

மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில், காதுகேளாத ஒருவரை மக்களே இயேசுவிடம் கொண்டுவந்தார்கள். அவர் தாமாக வரவில்லை. நம் பிள்ளைகளும் தாமாக வந்து கேட்கமாட்டார்கள்.

கூடிப் பேசுவோம்

* நமது முகாமில், கிராமத்தில் கேட்டல் சோதிக்கப்படாத பிள்ளைகள் எத்தனை பேர்?
* அவர்களுக்காக அதிபரிடம் போய்ப் பேசுபவர் யார், எப்போது?