மாப்பொருள் நெகிழிக்கு நானோ செலுலோஸ் வலு: வீட்டிலேயே செய்து பார்க்க முழுமையான வழிகாட்டி

மொன்றியலின் பியர்பொன்ட்ஸிலிருந்து சென்-ஜோன் வீதியில் தெற்கே போனால் புவான்ட்-கிளேர் வரும். மரக்கூழிலிருந்து நானோ செலுலோஸ் எடுக்கும் நுட்பம் வளர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே ஆய்வு நடத்திய எஃப்பிஇன்னொவேஷன்ஸ், டொம்டார் காகித நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கியதுதான் செலுஃபோர்ஸ். கியூபெக்கின் வின்சர் ஊரில் 2012இல் அது திறந்த ஆலை, நாளொன்றுக்கு 1 தொன் நானோ செலுலோஸ் படிகம் தயாரிக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. நம் பக்கத்து ஊரில் வளர்ந்த பொருளை நம் சமையலறையில் ஒரு தடவை தொட்டுப் பார்ப்போம்.

இது என்ன?

சோள மா, மரவள்ளி மா இரண்டும் மாப்பொருள். தண்ணீரும் கிளிசரினும் சேர்த்துக் காய்ச்சி ஊற்றிக் காயவிட்டால், கண்ணாடி போன்ற மட்கும் தாள் கிடைக்கும். ஆனால் அது இலகுவில் கிழியும். அதற்குத்தான் செலுலோஸ். தாவரத்தின் உடலைத் தாங்கும் இழை அது. அதை நானோ அளவுக்குப் பிரித்தால், ஒரு இழையின் தடிமன் மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கையும்விடக் குறைவு.

பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டால் ஏன் விறைக்கிறது? பருத்தி செலுலோஸ், கஞ்சி மாப்பொருள். இரண்டுமே குளுக்கோஸால் ஆனவை என்பதால் ஒன்றையொன்று நன்றாகப் பற்றிக்கொள்ளும். நாம் செய்யப்போவதும் அதே வேலைதான், மிகச் சிறிய அளவில்.

என்ன வேண்டும், எவ்வளவு செலவு?

மா, மருந்துக்கடைக் கிளிசரின், 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு, வெப்பமானி, 22 செ.மீ. அகலத் தட்டையான பிளாஸ்டிக் தட்டு. எல்லாம் சேர்த்துச் சுமார் 50 டொலருக்குள் முடித்துவிடலாம். தராசில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

செலவு கூடியது நானோ செலுலோஸ்தான். அமெரிக்காவின் மேய்ன் பல்கலைக்கழகம் இதைச் சிறு அளவிலும் விற்கிறது. அனுப்பும் செலவையும் கேட்டுவிட்டே வாங்குவோம். தூளாக வேண்டாம், தண்ணீர் கலந்த இழைக்கூழாகக் கேளுங்கள். ஒருமுறை உலர்ந்த இழைகள் ஒட்டிக்கொண்டால் மறுபடி பிரியாது. 3 சதவீதக் கூழ் 100 கிராம் வாங்கினால் 14 தாள் செய்யலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவது நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், உறையவிடாதீர்கள்.

எப்படிச் செய்வது?

முதலில் கூழ், பிறகுதான் மா. இந்த வரிசையை மாற்றவே கூடாது. காய்ச்சிய மாவுக்குள் கடைசியில் கூழைப் போட்டு நான் ஒரு தாளை வீணாக்கியிருக்கிறேன். வெள்ளைப் புள்ளிகளாகத் திரண்டு, புள்ளி இருந்த இடத்திலெல்லாம் கிழிந்தது.

93 மில்லிலீற்றர் தண்ணீரில் 7 கிராம் கூழைப் போட்டு மிக்ஸியில் 3 நிமிடம் அடிப்போம். நுரை அடங்கியதும் 1.5 கிராம் கிளிசரின், 5 கிராம் மா. ஆறிய தண்ணீரிலேயே கட்டி இல்லாமல் கரைத்துக்கொள்வோம். கூழிலுள்ள இழை, மாவின் எடையில் சுமார் 4 சதவீதம் வரும். கூடப் போட்டால் கூட வலு என்று நினைக்க வேண்டாம், திரளத் தொடங்கிவிடும்.

இனி இளஞ்சூட்டில் கைவிடாமல் கிண்ட வேண்டும். 70 பாகை செல்சியஸை நெருங்கும்போது பால் நிறம் போய், பசை போல இறுகும். 90 பாகை வரை கொண்டுபோய், 10 நிமிடம் அங்கேயே வைத்திருப்போம். இறக்கி, குமிழி வெளியேற 5 நிமிடம் விட்டு, சமதளத்தில் வைத்த தட்டில் ஊற்றுவோம். இரண்டு நாள் அறையிலேயே காயட்டும். அவனில் வைத்தால் ஓரம் சுருண்டு வெடிக்கும்.

வலு கூடியதா?

கூழ் சேர்க்காத தாளையும் அதே அளவில் 100 மில்லிலீற்றர் தண்ணீரோடு செய்ய வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று செய்வோம். 2 செ.மீ. அகலப் பட்டியாக வெட்டி, கீழே போத்தலைக் கட்டி, அறும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகலாம். அறுந்ததும் போத்தலை நிறுத்துக் குறித்துக்கொள்வோம்.

இங்கேதான் மொன்றியல் காலநிலை நம்மை ஏமாற்றும். ஜனவரியில் ஹீட்டர் ஓடும் வீட்டில் தாள் அப்பளம் போல நொறுங்கும். யூலைப் புழுக்கத்தில் அதே தாள் தோல் போலத் துவளும். அதனால் சோதனைக்கு முன் எல்லாப் பட்டிகளையும், கரையாத உப்பு அடியில் தங்கும் அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீர்க் கிண்ணத்தோடு, இறுக்கமாக மூடிய பெட்டியில் இரண்டு நாள் வைப்போம். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். இதைச் செய்யாமல் எடுத்த அளவுகளை நம்ப முடியாது.

கவனம்!

நானோ படிகத்தை நாமே எடுக்கலாம் என்று இறங்கவே கூடாது. அதற்கு 64 சதவீத அளவில் கந்தக அமிலம் வேண்டும், அது கண்ணையும் தோலையும் எரித்துவிடும். உலர்ந்த தூள் கைக்கு வந்தால் முகக்கவசம் அவசியம். இதற்கு எடுத்த பாத்திரத்தில் சமைக்க வேண்டாம். தாளில் சாப்பாடும் பரிமாற வேண்டாம்.

நானோ செலுலோஸ் வலுவைக் கூட்டும், மாப்பொருளை மழைக்குத் தாங்க வைக்காது. தண்ணீரில் போட்டால் ஊறி இளகத்தான் செய்யும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் தொழிற்சாலைகள் மாப்பொருளை வேறு மட்கும் நெகிழிகளோடு கலக்கின்றன.

கூழ் தபாலில் வந்து சேர நாளாகும். அதற்குள் வெறும் மாத் தாள் இரண்டு மூன்றை ஊற்றிப் பாருங்கள், கை பழகிவிடும்.