வீட்டுக்கும் ஒரு மூடாக்கு

மூடாக்கு என்றால் என்ன என்று நம் உழவர்களுக்கு இப்போது யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் வெறும் மணல் காலைச் சுடும். அதன் மேல் நாலு விரல் கனத்துக்கு வைக்கோலோ தென்னை மட்டையோ கிடந்தால் அடியில் கைவிட்டுப் பார்க்கலாம், ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும். ஆனால் அதே உழவர் வீடு கட்டும்போது அஞ்சு அங்குலக் கான்கிரீட்டை வெயிலுக்கு மல்லாத்திப் போட்டுவிட்டு, ராத்திரி தூக்கம் வரலைன்னு ஏசி விலை விசாரிக்கிறார். வெயிலுக்கும் தளத்துக்கும் நடுவில் ஏதாவது ஒன்று வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வங்கியில் இருந்த காலத்தில் வீட்டுக்கடன் எஸ்டிமேட்டுகளை நூற்றுக்கணக்கில் பார்த்தவன் நான். கிரானைட்டுக்கு ஒரு வரி இருக்கும், முகப்பு அலங்காரத்துக்கு ஒரு வரி இருக்கும். வெயிலுக்கு என்று இருப்பது கடைசிப் பக்கத்தில் ‘மொட்டை மாடி தட்டோடு’ என்ற ஒற்றை வரி மட்டும். பணம் இடித்தால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

ஓலை வீட்டுக்கும் ஓட்டு வீட்டுக்கும் திரும்பிப் போங்கள் என்று வேதாரண்யத்துக்காரர்களிடம் யாரும் சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன்னால் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியபோது ஓடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் காகிதம் மாதிரி பறந்ததைப் பார்த்தவர்கள் நாம். அதற்குப் பிறகு கடன் வாங்கியாவது காங்கிரீட் போடுகிறார்கள் என்றால் அது ஆடம்பரம் அல்ல, பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே காங்கிரீட் இருக்கட்டும். அதை எப்படிக் குளிர வைப்பது என்று பார்ப்போம்.

முதலில் சூரியனைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர் ஏறக்குறைய பத்தரை டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறந்து சில நாளில் நண்பகல் வெயில் நேர் உச்சிக்கு வரும். அப்புறம் வடக்கே சாய்ந்து, ஆவணி இரண்டாம் வாரத்தில் மறுபடி உச்சிக்கு வந்து தெற்கே திரும்பும். அதாவது கோடை முழுக்க வெயில் சுவரைவிடக் கூரையைத்தான் அடிக்கிறது. சுவருக்கு ஆயிரம் செய்தாலும் கூரையை விட்டுவிட்டால் பயன் குறைவு. சுவரில் மேற்குச் சுவர் மட்டும் விதிவிலக்கு, அதற்குப் பிறகு வருகிறேன்.

அழுக்கேறிக் கறுத்த தளம் கோடை மதியத்தில் 60 டிகிரி வரை கொதிக்கும். அந்தச் சூடு உடனே கீழே வராது. காங்கிரீட் அதைக் குடித்து வைத்துக்கொண்டு சில மணி நேரம் கழித்து அடிப்பக்கமாகக் கக்கும். அதனால்தான் மதியம் மூன்று மணியைவிட இரவு எட்டு ஒன்பது மணிக்கு வீடு புழுங்குகிறது. ஃபேன் போட்டால் சீலிங்கை ஒட்டிக் கிடக்கும் அனலைத்தான் கீழே தள்ளுகிறது. நம்ப முடியாதவர்கள் இரண்டு சாதாரண வெப்பமானி வாங்கி, ஒன்றைச் சீலிங்கை ஒட்டியும் ஒன்றைக் கட்டில் உயரத்திலும் தொங்கவிட்டு, மதியம் மூன்று, இரவு ஒன்பது, விடியல் ஐந்து என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். செலவு செய்வதற்கு முன் இந்த நோட்டு அவசியம். செய்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி கிடையாது.

இதற்கு ஒரு அளவுகோல் உண்டு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018 டிசம்பரில் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்று குடியிருப்புகளுக்கான விதித்தொகுப்பு வெளியிட்டது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக 1.2 வாட்டுக்கு மேல் சூடு கடக்கக்கூடாது என்று அது சொல்கிறது. வெறும் அஞ்சு அங்குலத் தளத்துக்கு நான் கணக்குப் போட்டால் 3.3 வருகிறது. மேலே மூன்று அங்குலம் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் போட்டால் 2.3 ஆகிறது. அதற்கடியில் ஒரே ஒரு அங்குலம் நுரைப்பலகை வைத்தால் 0.9-க்கு இறங்கிவிடுகிறது. கனம் பெரிதில்லை, உள்ளே அடைபட்ட காற்றுதான் பெரிது என்பது இதிலிருந்து தெரியும். மூடாக்கிலும் அதே கதைதானே.

சரி, என்ன செய்யலாம்?

கையில் காசே இல்லாதவர்கள் சுண்ணாம்பு அடியுங்கள். தளத்தைக் கழுவிப் பாசியைச் சுரண்டிவிட்டு இரண்டு பூச்சு வெள்ளை. கறுத்த காங்கிரீட் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கும், புதுச் சுண்ணாம்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். அறைக்குள் இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை குறையலாம். தெலங்கானா 2023-ல் இதற்கென்றே குளிர் கூரைக் கொள்கை கொண்டுவந்து, 600 சதுர கெஜத்துக்கு மேற்பட்ட மனைகளில் கட்டும் வீடுகளுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் ஊரில் ஐப்பசி கார்த்திகை மழை பாதியைக் கரைத்துவிடும், மீதி பாசி பிடிக்கும். வருஷா வருஷம் மாசியில் அடிக்க வேண்டியதுதான். பொங்கலுக்குச் சுவருக்கு அடிக்கும்போது மிச்சத்தை மாடிக்குக் கொண்டுபோனால் போச்சு.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்குத் தட்டோடு வரியை வெட்டாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்பில் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது நம் ஊர் மெத்தை வீடுகளின் பழைய முறை. இப்போது பல இடங்களில் சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் கலவையைக் கொட்டிவிட்டு அதையும் தட்டோடு வேலை என்றே சொல்கிறார்கள். சிமென்ட் விறைப்பானது, வெயிலில் விரிந்து மழையில் சுருங்கும்போது வெடிக்கும். சுண்ணாம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கடலோரத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பு இன்னும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

இதிலேயே ஒரு படி மேலே போனால் மண்பானை. தளத்தின் மேல் சிறு பானைகளை நெருக்கமாகக் கவிழ்த்து வைத்து, இடுக்கில் சுண்ணாம்பு ஜல்லி நிரப்பி, மேலே தட்டோடு. பானைக்குள் அடைபட்ட காற்றுதான் மூடாக்கு. நுரைப்பலகை அளவுக்கு வராது, வெறும் தட்டோட்டைவிட நன்றாக இருக்கும், குயவர் வீட்டுக்கும் நாலு காசு போகும். ஒரு எச்சரிக்கை. மூன்று அங்குலச் சுண்ணாம்பு ஜல்லியே சதுர அடிக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல். ஆயிரம் சதுர அடிக்குப் பன்னிரண்டு டன். பழைய தளத்தின் மேல் ஏற்றுவதற்கு முன் பொறியாளரைக் காட்டிக் கேளுங்கள்.

நுரைப்பலகை என்றதும் நம் இயக்க நண்பர்கள் ‘பிளாஸ்டிக்கா’ என்று முகம் சுளிப்பார்கள். எனக்கும் உவப்பில்லை. கொத்தனாரிடம் பேசியபோது அவர் கவலை வேறாக இருந்தது: “சார், தெர்மோகோல மேல போட்டா தண்ணி போய் அடில உக்காந்துக்கும், அப்புறம் எங்க ஒழுகுதுன்னே கண்டுபிடிக்க முடியாது.” நியாயமான கேள்வி. பொட்டலம் கட்டும் தெர்மோகோல் கூரைக்கு ஆகாது, நசுங்கும், நீர் ஏறும். தண்ணீர் உறிஞ்சாத, அழுத்தம் தாங்கும் எக்ஸ்பிஎஸ் பலகை என்று தனியாக இருக்கிறது. தளத்தில் முதலில் நீர்த்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பலகை, அதற்கு மேல் தட்டோடு என்று வரிசை இருந்தால் அவர் சொல்லும் தொல்லை வராது. வயதானவர்களுக்காகவோ நோயாளிக்காகவோ ஏசி தவிர்க்க முடியாத வீட்டில், அந்த ஒரு அறைக்கு மேல் மட்டுமாவது இதைப் போடுவது சரி என்பது என் கருத்து.

இன்னும் ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு நம் வயலிலேயே பொருள் இருக்கிறது: உமி. நெல் உமியில் ஐந்தில் ஒரு பங்கு போல மணல்சத்துதான், எளிதில் மக்காது. வெப்பத்தைத் தடுப்பதில் தெர்மோகோலுக்குக் கொஞ்சம்தான் பின்னால். நெல் விளையும் அமெரிக்க மாநிலமான லூசியானாவில் சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் உமி நிரப்பி வீடு கட்டியிருக்கிறார்கள். ஓட்டுக்கு அடியில் பலகை மச்சு இருந்தால், மச்சின் மேல் நாலு அங்குலம் உமி பரப்பினால் என் கணக்கில் அரசு அளவைவிடப் பாதிக்கும் கீழே போகிறது. தவிடும் நொய்யும் போகத் தூற்றிய உமியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எலிக்கு விருந்து. ஓடு ஒழுகக்கூடாது. உமி பற்றி எரியாது, ஆனால் உள்ளுக்குள் கனிந்துகொண்டே இருக்கும் என்பது உமி அடுப்பு வைத்தவர்களுக்குத் தெரியும், ஆகவே அதன் வழியாக ஓடும் மின்கம்பி எல்லாம் குழாய்க்குள் இருக்க வேண்டும். மொட்டை மாடியின் மேல் உமி ஆகாது, ஒரு மழையில் ஊறிவிடும்.

மூடாக்கு எப்போதும் தளத்துக்கு மேலேதான். கீழே ஃபால்ஸ் சீலிங் அடிப்பது நம் ஊருக்கு ஆபத்து. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த ஊர் இது. இங்கே உப்பை நாம் தேடிப் போக வேண்டாம், அது தளத்துக்குள்ளேயே வந்து கம்பியை அரிக்கும். சிமென்ட் பெயர்ந்து துருக்கறை தெரிவதுதான் முதல் அறிகுறி, அதை மறைத்துவிட்டால் ஒருநாள் கட்டி கட்டியாக விழும்போதுதான் தெரியும். காங்கிரீட் கலக்கவும் நீராற்றவும் உவர் போர்த் தண்ணீரைத் தொடாதீர்கள். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்பது இந்தியத் தரக் கட்டளை. ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்க ஆகும் செலவு ஒரு மூட்டை சிமென்டைவிடப் பெரிதாக இராது.

இப்போது மேற்குச் சுவர். பின்னேர வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேடு தடுக்காது. லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினால் கல்லும் கால்வாசி மிச்சம், சூடும் குறையும். கட்டி முடித்த வீட்டுக்குச் செடிதான் வழி. கஜாவுக்குப் பிறகு வீட்டை ஒட்டித் தென்னையோ மாவோ வைக்கச் சொல்ல மாட்டேன், மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். சுவரை ஒட்டி வாழை, அகத்தி, அவரைப் பந்தல் போதும். விழுந்தாலும் வீடு தாங்கும்.

டார்ம்ஸ்டாட் என்ற ஜெர்மன் ஊரில் 1991-ல் குடிபோன வீடு ஒன்று உண்டு, ஹீட்டரே ஏறக்குறைய வேண்டாத வீடு. அந்த வகை வீடுகளைக் காணொளியில் பார்த்துவிட்டு ‘எல்லா இடுக்கையும் அடைத்துவிடலாமா’ என்று சிலர் கேட்கிறார்கள். அது குளிருக்கு. நம் கடலோரப் புழுக்கத்தில் காற்று ஓடினால்தான் வியர்வை காயும். கிழக்கிலும் தெற்கிலும் கடல், மதியத்துக்கு மேல் காற்று அங்கிருந்துதான். அந்தப் பக்கம் ஜன்னல், எதிர்ச் சுவரிலும் ஜன்னல், மேலே சீலிங்கை ஒட்டி அனல் வெளியேறச் சிறு துவாரங்கள். ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று அனலாக அடிக்கும்போது மேற்கு ஜன்னலைப் பகலில் சாத்திவையுங்கள்.

மின்சாரம் கடைசியில்தான் வருகிறது. பழைய ஃபேன் 75 வாட், இப்போதைய பிஎல்டிசி ஃபேன் 35 வாட்டுக்குள். மூன்று ஃபேன், நாளுக்குப் பதினைந்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 108 யூனிட் மிச்சம். இலவசமாகக் கிடைப்பதே 100 யூனிட்தான். சூரியத் தகடு போட நினைப்பவர்களுக்கு 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீட்டுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. தகடு தளத்துக்கு நிழலும் தரும். தாங்கும் சட்டத்தைத் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்களா என்று ஏறிப் பாருங்கள், வெறும் கல் பாரத்தில் நிற்கவைத்த சட்டம் நம் காற்றுக்கு நிற்காது.

வேலை எப்போது என்றால் அறுவடை முடிந்து ஆள் கிடைக்கும் மாசி பங்குனி சரியான காலம். சுண்ணாம்பு ஜல்லி வெயிலில் சீக்கிரம் உலர்ந்து வெடிக்காமல் பத்து நாளாவது ஈரச் சாக்கு போட்டு வைக்க வேண்டும். எப்படியும் ஆவணிக்குள் தட்டோட்டின் இடுக்குகள் அடைத்து முடிந்திருக்க வேண்டும். மழைத்தண்ணீர் போகும் சரிவைக் கொத்தனார் போகுமுன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.