திருப்பதியில் வாங்கினால் திருப்பதியில்தான் வழக்கா?

கேள்வி: திருத்தணியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து பிழைக்கிறேன், உதவிக்கு ஒரு பையன் மட்டும். ஆறு மாதம் முன்பு திருப்பதியில் ஒரு கடையில் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்து வாங்கினேன். கிராபிக்ஸ் கார்டு ‘எக்ஸ்16’ இணைப்பில் ஓடும் என்று கொட்டேஷனில் எழுதித் தந்தார்கள். ஜிபியூ-இசட் மென்பொருளில் ‘எக்ஸ்4’ என்றே காட்டுகிறது. கடைக்காரரோ, “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லில் இருக்கிறது. கேஸ் போடுவதானால் ஆந்திராவில் போடுங்கள்” என்கிறார். என்ன வழி?
- ஒரு வாசகர், திருத்தணி

பதில்: எல்லை தாண்ட வேண்டாம். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ, வழக்கிற்கான காரணம் எழுந்த ஊரிலோதான் முன்பு புகார் செய்ய முடிந்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலும் வழக்குத் தொடர வழிவிட்டது. உங்களுக்கு அது திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பதில் சொல்லத் திருப்பதிக் கடைக்காரர்தான் அங்கே வர வேண்டும்.

‘தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல’ என்று அவருடைய வக்கீல் கட்டாயம் கிளப்புவார். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியவர் நுகர்வோர்தான் என்கிறது சட்டம். கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி என்ஜினியரிங் வழக்கில், ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் இந்த உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொல்லியிருக்கிறது. ‘இதுதான் என் பிழைப்பு’ என்பதைப் புகார் மனுவில் தெளிவாக எழுதுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அதற்கு முன், உண்மையிலேயே குறை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த, பிசிஐஇ 4.0 கார்டுகூட 1.1 என்று காட்டும். அது கோளாறு அல்ல. ஜிபியூ-இசட்டிலேயே உள்ள ரெண்டர் டெஸ்டை ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் ‘எக்ஸ்4’ மாறவில்லை என்றால், கார்டை மதர்போர்டின் கீழ் ஸ்லாட்டில் செருகியிருக்கலாம். பல போர்டுகளில் அந்த ஸ்லாட் நீளத்தில் மட்டும்தான் எக்ஸ்16; உள்ளே நான்கு லேன்களே இருக்கும். மேல் ஸ்லாட்டுக்கு மாற்றினால் தீர்ந்துவிடும் விஷயத்துக்கு வழக்கு எதற்கு? கேபினட்டில் வாரண்டி சீல் இருந்தால் நீங்களே பிரிக்காதீர்கள். மாற்றித் தரும்படி கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று: ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டுகளின் வடிவமைப்பே எக்ஸ்8தான். உங்களுடையது அந்த வகை என்றால் கார்டில் குறையில்லை. தயாரிப்பாளரை வழக்கில் இழுத்துப் பயனில்லை. எக்ஸ்16 என்று எழுதித் தந்த கடைக்காரர்தான் பொறுப்பு. பொருளின் தரத்தைப் பொய்யாகச் சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. ஆகவே அந்தக் கொட்டேஷன் பில்லைவிட முக்கியம், பத்திரப்படுத்துங்கள். பில்லில் அச்சடித்த வாசகம் குறையுள்ள பொருளுக்குக் கவசமாகாது.

முதலில் பதிவுத்தபாலில் நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். மசியவில்லை என்றால் வழக்குதான். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. கார்டைப் பரிசோதனைக்கு அனுப்ப நேர்ந்தால் அந்தச் செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் பதிவாகிவிட வேண்டும்.