மோட்டார் இல்லத்து மின்கணப்பு: பழுது நாடலும் நீக்கலும்

குளிர் மிக்க நாடுகளிலே கணப்பு என்பது வீட்டார் அனைவரும் ஒருங்கு கூடும் இடமாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் மக்கள் பலர், படுக்கை, அடுக்களை, குளியலறை ஆகிய எல்லாம் அமைந்த பெரிய வண்டிகளிலே ஊர்தோறும் சென்று தங்குகின்றனர். மோட்டார் ஹோம் என வழங்கும் அவ்வண்டியை ஈண்டு மோட்டார் இல்லம் என்போம். விறகுத் தீ மூட்டுதல் அத்தகைய வண்டிக்குப் பெரும்பாலும் ஏலாது. ஆதலின் தீயெரிவது போன்ற தோற்றமும் வெம்மையும் ஒருங்கே தரும் மின்கணப்பை அதன் சுவரிற் பதித்து வைப்பர். அது பழுதுற்றவழிக் காரணத்தை நாடுமாறும், அதனை நீக்குமாறும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

முதற்கண் அதன் இயல்பை அறிதல் வேண்டும். மின்கணப்பின் தொழில்கள் இரண்டு: ஒன்று காட்சி, மற்றொன்று வெம்மை. பல கணப்புகளில், சிறு விளக்குகளின் ஒளி சுழலும் தண்டொன்றிற் பதித்த பளபளப்பான தகடுகளிற் பட்டுத் திரையில் அசைவதையே நாம் சுடராகக் காண்கின்றோம். அச்சுடரிற் சூடில்லை. மின்தடை மிக்க உலோகச் சுருள் மின்னோட்டத்தாற் காய, சிறு விசிறி அவ்வெப்பத்தை அறைக்குள் வீசுதலால் வருவதே வெம்மை. ஆகவே சுடர் தோன்றியும் சூடு வாராமை உண்டு. சூடு வந்தும் சுடர் தோன்றாமை உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வார், பழுதை அஃது இல்லாத இடத்தே தேடி அலைவர்.

அடுத்து அறியற்பாலது அளவு. இவ்வகைக் கணப்புகளுட் பெரும்பாலன 120 வோல்ட்டில் 1500 வாட் மின்னாற்றலைக் கொள்வன. 1500ஐ 120ஆல் வகுப்பின் 12.5 ஆம்பியர் வரும். நம் நாட்டு 230 வோல்ட்டில் அதே ஆற்றலுக்கு ஏறத்தாழ 6.5 ஆம்பியரே போதும். எனவே அந்நாட்டுக் கணப்பின் கம்பியும் பிளக்கும் ஏறக்குறைய இருமடங்கு மின்னோட்டத்தைத் தாங்கி நிற்கின்றன. பின்னர்க் கூறும் பழுதுகளுட் பல இதனின்று கிளைப்பனவே.

கணப்பு முற்றும் செயலற்றுக் கிடப்பின், அதனைக் கழற்றுமுன் மின்சாரம் வரும் வழியைப் பார்க்க. வண்டியின் பாட்டரி தருவது 12 வோல்ட் நேர்மின்சாரம். அதனாற் கூரை விளக்குகள் எரியும், கணப்பு இயங்காது. கணப்பிற்கு வேண்டுவது, முகாம் திடலின் மின்கம்பத்தினின்றோ ஜெனரேட்டரினின்றோ வரும் 120 வோல்ட் மாறுமின்சாரம். ஆதலின், கூரை விளக்கு எரிகின்றது கொண்டு கணப்பிற்கும் மின்சாரம் உளதெனத் துணிதல் பொருந்தாது. கணப்பை மாட்டிய சாக்கெட்டிலேயே வேறொரு விளக்கை மாட்டிப் பார்க்க. அதுவும் எரியாதாயின் மின்கம்பத்தின் பிரேக்கரையும், வண்டிக்குள்ளிருக்கும் பிரேக்கரையும், மின்கசிவு காக்கும் சாக்கெட்டின் பொத்தானையும் முறையே நோக்குக. விளக்கு எரியுமாயின், கணப்பின் தலைமைச் சுவிட்சையும் ரிமோட்டின் பாட்டரியையும் ஆராய்க. சாலையில் ஓடும் வண்டியின் அதிர்ச்சியாற் பிளக்கு மெல்ல நழுவியிருத்தலும் உண்டு.

இனி, கணப்பு இயங்கிப் பின் பிரேக்கர் விழுமாயின், முதலிற் கணக்கிட்டுப் பார்க்க. 30 ஆம்பியர் இணைப்புடைய வண்டிக்குக் கிடைக்கும் மொத்த ஆற்றல் 3600 வாட். கணப்பு 1500 வாட் கொள்ள, மின்சார வெந்நீர்க்கலம் ஏறத்தாழ 1400 வாட் கொள்ளும். எஞ்சிய 700 வாட்டில் மைக்ரோவேவ் அடுப்பை இயக்கின் பிரேக்கர் விழுதல் இயல்பே. இது கணப்பின் பழுதன்று, சுமையின் மிகுதி. ஒன்றை நிறுத்தி ஒன்றை இயக்குதலே தீர்வு. கணப்பு தனித்து இயங்கும்போதும் பிரேக்கர் விழுமாயின், பிரேக்கரோ கம்பியோ கணப்போ பழுதுற்றதென அறிக.

பிரேக்கர் விழாமலே சூடு சிறிது நேரத்தில் நின்றுபோமாயின், மிகுவெப்பத் தடை செயற்பட்டதென்க. காற்று புகும் வாயிலிற் தூசி படிதல், திரைச்சீலை மறைத்தல், விசிறி சுழலாமை ஆகியன இதற்குக் காரணமாம். பிளக்கைக் கழற்றி ஆறவிட்டு, வாயிலைத் துடைத்து, மீண்டும் இயக்குக. மறுபடியும் நின்றால் விசிறியை ஆராய்தல் வேண்டும்.

சுடர் அசைந்தும் சூடு வாராதாயின், தெர்மாஸ்டாட்டின் அளவு அறையின் வெப்பத்தினும் தாழ்ந்துளதா எனக் காண்க. சூடு வந்தும் குறைந்துளதாயின், மின்னழுத்தத்தை அளக்க. முகாம் திடலில் அஃது 105 வோல்ட்டாகத் தாழ்ந்தால், 1500 வாட் கணப்பு ஏறத்தாழ 1150 வாட்டே தரும். இவை இரண்டும் செவ்வையாயின், பிளக்கைக் கழற்றிய பின்னர் உலோகச் சுருளை மல்டிமீட்டரால் அளக்க. நல்ல சுருள் ஏறத்தாழ 9.6 ஓம் தடை காட்டும். அறுந்த சுருளில் மின்வழியே இராது. சூடு வந்தும் சுடர் தோன்றாதாயின், எல்.இ.டி. விளக்குகளையும் தண்டைச் சுழற்றும் சிறு மோட்டாரையும் பார்த்தல் அமையும்.

இவை அனைத்தினும் அஞ்சத்தக்கது தளர்ந்த இணைப்பு. பிளக்கின் தொடுமிடத்தில் அரை ஓம் தடை ஏற்பட்டதெனக் கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்க, அவ்விடத்தே 78 வாட் வெப்பம் பிறக்கும். விரல்நுனி அளவுள்ள ஓரிடத்தில் அத்துணை வெப்பம் தங்கின் பிளாஸ்டிக் உருகும், மரச்சுவர் கருகும். பிளக்கு பழுப்பேறியிருத்தல், தீய்ந்த நாற்றம், தொட்டாற் சுடுதல் ஆகியன இதன் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று காணினும் உடனே நிறுத்திப் பிளக்கு, சாக்கெட்டு இரண்டையும் மாற்றுவித்தல் வேண்டும். அதனைத் தேர்ந்த மின்தொழிலாளரே செய்தல் நன்று. நீட்டிப்புக் கம்பி வழியாகக் கணப்பை இயக்குதலும் ஆகாது.

சிலர் அடிக்கடி விழும் பிரேக்கரைச் சினந்து, 15 ஆம்பியருக்குரிய கம்பியில் 20 ஆம்பியர் பிரேக்கரைப் பொருத்துவர். சிலர் மிகுவெப்பத் தடையை நீக்கிக் கம்பியை நேரே இணைப்பர். அவ்வாறு செய்த பின் கணப்பு இடையறாது எரியும். ஆனால் ஆபத்தை அறிவிக்கும் காவலன் அவ்விடத்து இரான். வெளியேறும் வழிகள் சிலவேயுள்ள சிற்றறையில் குழந்தைகளும் முதியோரும் உறங்கும் நள்ளிரவிலே சுவருக்குட் பற்றும் தீயை யார் காண்பார்? பிரேக்கர் விழுதல் பழுதன்று. பழுதைக் கூறும் சொல்லே அது. அதன் வாயை அடைத்தல் பழுது நீக்கலாகாது.

கணப்பு சீர்ப்படுங்காறும் எரிவாயு அடுப்பை எரித்துக் குளிர்காய்தலும் கூடாது. அடைத்த வண்டிக்குள் அது நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடைப் பரப்பி, உறங்குவாரை எழாதபடி செய்யவல்லது. வெளியே புகைபோக்கியுடைய புரொபேன் உலையே அதற்கென அமைந்தது. பல வண்டிகளில் அவ்வுலையின் வெங்காற்றே அடித்தளத்து நீர்க்குழாய்கள் உறையாமலும் காப்பது. மின்கணப்போ தான் இருக்கும் அறையை மட்டுமே காய்ச்சும். ஆதலின் கணப்பு செவ்வனே இயங்கும் நாளிலும், உறைபனி இரவுகளில் உலையை முற்றும் நிறுத்தாதிருத்தல் நலம்.