பாடம்: மீன் குஞ்சு வாங்குவதற்கு முன்

நீங்கள் ஊரை விட்டுப் போயிருந்த காலத்தில் உங்கள் மீன் குளமும் கவனிப்பாரற்றுக் கிடந்திருக்கும். கரை உடைந்து, அடியில் சேறு நிரம்பி, விரால் குடியேறியிருக்கும். கையில் உள்ள உதவிப் பணத்தில் உடனே குஞ்சு வாங்க மனம் அவசரப்படும். அவசரப்பட வேண்டாம். ஆயத்தம் செய்யாத குளத்தில் விடும் குஞ்சு விராலுக்குத்தான் இரையாகும். முதற் பணம் போனால் இரண்டாம் முறை முயல்வது கடினம்.

20 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் உள்ள குளம் ஒன்றை உதாரணமாக எடுப்போம். அதன் பரப்பு 200 சதுர மீற்றர்.

1. அனுமதி

காணி தோட்டத்துக்குச் சொந்தமானால், வேலை தொடங்குமுன் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். தம்புள்ளை, கலேவெல பக்கத்துப் பருவகாலக் குளங்களில் குஞ்சு விட விரும்புவோர், முதலில் விவசாய அமைப்புடனும் கமநல சேவை நிலையத்துடனும் பேசுங்கள். அந்த நீர் முதலில் வயலுக்கு உரியது.

2. குளத்தை ஆயத்தம் செய்தல்

நீரை முழுதாக வடித்து, அடி வெடிக்கும் வரை காய விடுங்கள். விராலும் அதன் குஞ்சுகளும் ஒழிய இதுவே சிறந்த வழி. கறுத்த சேற்றை அள்ளி வீட்டுத் தோட்டத்துக்கு இடலாம். கரையைத் திருத்துங்கள். குளத்தின் மேல் கவிந்த கிளைகளை வெட்டுங்கள். வெயில் படாத நீரில் மீனுக்கு இரையாகும் பச்சை நுண்பாசி வளராது. பின்பு 20 கிலோ விவசாயச் சுண்ணாம்பை அடியெங்கும் தூவுங்கள்.

ஒரு வாரம் கழித்து, நீர் வரும் வாயிலில் சிறுகண் வலை கட்டி, ஒரு மீற்றருக்குக் குறையாமல் நீர் நிரப்புங்கள். உலர்ந்த மாட்டெரு 20 கிலோ இடுங்கள். சில நாளில் நீர் இளம் பச்சையாகும். முழங்கை வரை கையை நீருக்குள் விடுங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் நீர் சரி. தெளிவாகத் தெரிந்தால் சிறிது எரு இடலாம். முழங்கை அளவுக்கு முன்பே கை மறைந்தால் எருவை நிறுத்துங்கள்.

3. குஞ்சுகளின் எண்ணிக்கை

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.” சதுர மீற்றருக்கு 2 குஞ்சு போதும். நமது குளத்துக்கு 400. ஆயிரம் விட்டால் மீன் ஆயிரமாகப் பெருகாது. எல்லாம் சிறுத்தே நிற்கும்.

திலாப்பியா குளத்திலேயே குஞ்சு பொரித்து நெருக்கடி உண்டாக்கும். ஆகவே பெரியவற்றை அடிக்கடி பிடித்து உண்ணுங்கள். சிறு குஞ்சுகளையும் வலையால் அகற்றுங்கள். கட்லா மேல் நீரிலும், ரோகு நடு நீரிலும், மிரிகால் அடியிலும் இரை தேடும். ஆகவே மூன்றையும் சேர்த்து வளர்க்கலாம். குஞ்சு பற்றி தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையின் (நக்டா) தம்புள்ளை நிலையத்தில் விசாரியுங்கள்.

குஞ்சுப் பையைத் திறக்காமல் 20 நிமிடம் குளத்தில் மிதக்க விடுங்கள். பின்பு குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சுகளை விடுங்கள்.

4. உணவு

தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்து, காலையும் மாலையும் ஒரே இடத்தில் இடுங்கள். மாதம் ஒருமுறை 10 மீனைப் பிடித்து நிறுங்கள். பத்தும் 500 கிராம் என்றால் ஒன்று 50 கிராம். 400 மீன் 20 கிலோ. அதில் நூற்றுக்கு 3 பங்கு, அதாவது நாளொன்றுக்கு 600 கிராம் உணவு போதும். அரை மணி நேரத்துக்குப் பின்னும் உணவு மிஞ்சினால் குறையுங்கள். மிஞ்சிய உணவு அழுகி நீரைக் கெடுக்கும்.

5. விடியற்காலைப் பார்வை

இரவில் பாசியும் மீனும் நீரிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொள்வதால், விடியும்போது அது மிகக் குறைந்திருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், உணவையும் எருவையும் நிறுத்தி உடனே புது நீர் பாய்ச்சுங்கள். பகல் வரை காத்திருந்தால் இழப்பு பெரிதாகும்.

மரக்கறித் தோட்டங்களுக்கு அடிக்கும் பூச்சிமருந்து மழை நீரோடு வந்து குளத்தில் சேர்ந்தாலும் மீன் சாகும். மேட்டு நிலத்து நீர் வராதபடி சுற்றிலும் வாய்க்கால் வெட்டுங்கள். மருந்துத் தெளிகருவியைக் குளத்தில் ஒருபோதும் கழுவாதீர்கள். அயலவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். சிறுபிள்ளைகள் உள்ள வீடானால் குளத்தைச் சுற்றி வேலி கட்டாயம்.

6. கணக்கு

பிள்ளையின் பழைய பயிற்சிக் கொப்பி ஒன்று போதும். குஞ்சு விட்ட நாள், எண்ணிக்கை, உணவுச் செலவு, செத்த மீன், பிடித்த மீன், வீட்டுக்கு எடுத்தது, விற்றது ஆகியவற்றை எழுதுங்கள். வீட்டில் உண்ட மீனும் வருமானமே. அடுத்த முறை எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று இந்தக் கொப்பியே சொல்லும்.

பயிற்சி

அ. உங்கள் குளத்தின் நீள அகலத்தை அளந்து பரப்பைக் காணுங்கள். எத்தனை குஞ்சு விடலாம்? (15 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம் எனில் 240.)

ஆ. மழை பெய்யும்போது உங்கள் குளத்துக்கு எந்தத் தோட்டத்து நீர் வருகிறது? குடும்பமாகச் சென்று பாருங்கள்.

இ. விடியற்காலையில் குளத்தைப் பார்ப்பது வீட்டில் யாருடைய பொறுப்பு? இன்றே தீர்மானியுங்கள்.