பெரியவங்க கைரேகைக்கு நாமே காவல்



தீர்மான நோட்டைப் படித்துக் காட்டாமல் நம்மிடம் யாரும் கையெழுத்து வாங்க முடியாது. குழுவில் சேர்ந்து நாம் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. ஆனால் நம் அம்மாவுக்கும் மாமியாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. "இதில ஒரு கை வை பாட்டி" என்றால் வைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு ரேகையில் மாதப் பணமும் போகலாம், குடியிருக்கும் வீடும் போகலாம். இந்த மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

உதவித்தொகை யார் கைக்குப் போகிறது?

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வங்கிக்கு நடக்க முடியாதவர்கள் ஊருக்கு வரும் முகவரின் மிஷினில் விரல் வைத்துப் பணம் வாங்குகிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் "ரேகை சரியா விழலை, இன்னொரு வாட்டி வைங்க" என்று சொன்னால், அது இரண்டாவது தடவை பணம் எடுப்பதாகவும் இருக்கலாம். அதனால் ஒவ்வொரு முறையும் ரசீது கேட்டு வாங்குங்கள். பணத்தை அவர் கையில் எண்ணிக் கொடுக்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்து, அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

சகோதரிகளே, ஒன்றை மனம்விட்டுப் பேசுவோம். எடுப்பவர் எப்போதும் வெளியாள் இல்லை. சந்தா கட்டும் நாளில் கையில் காசு இல்லையென்றால் மாமியாரின் பணத்தில் நம் கை போகிறதா? "ஒரே குடும்பம்தானே" என்று சொல்லிக்கொள்கிறோம். அவரிடம் கேட்டு, அவர் மனதாரக் கொடுத்தால் அது உதவி. கேட்காமல் எடுத்தால் அதற்கு வேறு பெயர். வெற்றிலைக்கும் மாத்திரைக்கும் அவர் நம் முகத்தைப் பார்த்து நிற்கக் கூடாது.

பத்திரத்தில் கை வைக்கும் முன்

உயில் வேறு, தான செட்டில்மெண்ட் வேறு. உயில் எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான் சொத்து கை மாறும். உயிரோடு இருக்கும்வரை அதை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். செட்டில்மெண்ட் எழுதிவிட்டால் பொதுவாகச் சொத்து அப்போதே போய்விடும். "உயில்தாம்மா" என்று சொல்லிச் செட்டில்மெண்டில் ரேகை வாங்குவதும் நடக்கிறது. அதனால் முழுப் பத்திரத்தையும், சொத்தில் பங்கில்லாத ஒருவர், அவர் காதில் விழும்படி படித்துக் காட்ட வேண்டும்.

செட்டில்மெண்ட்தான் எழுதுவது என்று முடிவானால் இரண்டு வரிகள் பத்திரத்தில் கட்டாயம் இருக்கட்டும். ஒன்று, எழுதிக் கொடுப்பவர் தன் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிப்பார். இரண்டு, சொத்தை வாங்குபவர் அவருக்குச் சாப்பாடு, துணி, வைத்தியம் பார்க்க வேண்டும்.

எழுதிக் கொடுத்த பிறகு கைவிட்டால்?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 இருக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு, இச்சட்டம் வந்த பிறகு கொடுத்த சொத்தை, பார்க்காமல் விட்டால் 23-வது பிரிவின்படி ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனையை எழுத்தில் போடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். மனுவைக் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) கொடுக்க வேண்டும். அவரால் முடியாவிட்டால், அவர் அனுமதித்த வேறொருவரோ அமைப்போ கொடுக்கலாம். ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567. கட்டணம் இல்லை.

"பெத்த புள்ளை மேல மனு போடறதா?" என்று பெரியவர்கள் அழுவார்கள். அவசரப்படுத்த வேண்டாம். முதலில் குழுவாகப் போய் மகனிடமும் மருமகளிடமும் பேசிப் பாருங்கள். நான்கு பேருக்குத் தெரிந்துவிட்டது என்றாலே பல வீடுகளில் சோறு ஒழுங்காக வரும்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள் யார் யார்? பணம் வரும் நாளில் அவர்களோடு யார் போவது?

2. நம் வீட்டுப் பெரியவரின் பாஸ்புக்கும் ஆதார் அட்டையும் யாரிடம் இருக்கின்றன? அவர் கேட்டால் உடனே கிடைக்குமா?

3. அவருடைய பணத்தை இந்த மாதம் யார், எதற்குச் செலவு செய்தார்கள்? அவரைக் கேட்டோமா?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் படித்துவிட்டுத் தொடங்குவோம்.