வெட்டத் தகுந்தது எது? – சி.என்.சி. ரவுட்டருக்குப் பொருள் தேர்வு ஒரு பாடமாக

நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் 2016-ஆம் ஆண்டு தொடங்கியது. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்காக, பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை நல்கையில் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் அமையும் என்று 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. எனவே இன்று இல்லாவிட்டாலும் நாளை நம் பள்ளிக்கும் இப்படி ஓர் அறை வரலாம். முப்பரிமாண அச்சுப்பொறிக்குப் பக்கத்தில் மேசைமேல் வைக்கும் சிறிய சி.என்.சி. ரவுட்டர் ஒன்றும் இருக்கலாம்.

இந்த இயந்திரத்தில் பெரும்பாலும் என்ன செய்கிறோம்? பெயர்ப்பலகை, சாவிக்கொத்து. அதன்பின் இயந்திரம் துணியைப் போர்த்திக்கொண்டு உறங்கப் போய்விடுகிறது. மென்பொருள் கடினம் என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. வெட்ட வேண்டிய பொருளை நாமே வாங்கி நாமே மேசையில் வைத்துவிடுகிறோம். பொத்தானை அழுத்துவது மட்டும் மாணவர் வேலையாகிறது. பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தால் அறிவியலும் கணக்கும் சமூக அறிவியலும் தாமாகவே அந்த மேசைக்கு வந்து சேர்கின்றன. காரைக்காலில் நான் வகுப்பில் பின்பற்றும் முறையை இங்கே பகிர்கிறேன்.

இயந்திரத்தை அறிவோம்

பள்ளிகளுக்கு ஏற்ற சிறிய ரவுட்டர்களில் '3018' என்ற வகை பரவலானது. 30 செ.மீ. நீளமும் 18 செ.மீ. அகலமும் உள்ள பரப்பில் அது வேலை செய்யும் என்பதே அந்த எண்ணின் பொருள். கணினி தரும் கட்டளைப்படி மூன்று அச்சுகளில் நகரும் ஒரு மோட்டார், அதன் நுனியில் சுழலும் ஒரு வெட்டுமுனை. பட்டறைகளில் இதைப் 'பிட்' என்பார்கள். இதன் காம்பு பெரும்பாலும் 3.175 மி.மீ., அதாவது கால் அங்குலத்தில் பாதி. இது வலுவான தொழிற்சாலை இயந்திரமன்று. ஆகவே, எதையும் ஒரே மூச்சில் ஆழமாக வெட்ட முடியாது. மெல்ல மெல்லச் சீவித்தான் எடுக்க வேண்டும்.

எந்தப் பொருளைக் கொண்டுவந்தாலும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒன்று, இதை அசையாமல் பிடித்து வைக்க முடியுமா? இரண்டு, வெட்டும்போது இது சீவலாக வருமா, மாவாக உதிருமா, உருகி ஒட்டுமா? மூன்று, இதன் தூள் மூச்சில் கலந்தால் என்ன ஆகும்? மூன்றுக்கும் விடை தெரியாத பொருள் மேசைக்கு வரக்கூடாது.

மரம் எனப்படுவது எது?

நம் பகுதியில் எளிதில் கிடைப்பவற்றிலிருந்து தொடங்கலாம். வாய்க்கால் கரைகளில் நிற்கும் பூவரசு எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாதவர் யார்? நன்கு உலர்ந்த பூவரசுத் துண்டு ரவுட்டருக்கு நல்ல தொடக்கம். தேக்கு அழகாக வெட்டுப்படும். ஆனால் அதில் சிலிக்கா இருப்பதால் முனை விரைவில் மழுங்கும். எந்த மரமானாலும் நார் ஓடும் திசையில் ஒரு கோடும் அதற்குக் குறுக்கே ஒரு கோடும் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குறுக்கு வெட்டின் விளிம்பில் நார் பிய்ந்து நிற்பதை உருப்பெருக்கியில் காணலாம்.

அடுத்து பனையும் தென்னையும். பனைத்துண்டு ஒன்றின் குறுக்குவெட்டில், ஓரத்திலிருந்து நடுப்பகுதி வரை ஒரே ஆழத்தில் ஒரு கோடு வெட்டச் செய்யுங்கள். ஓரத்தில் மோட்டார் முனகும். நடுவில் போகப் போக ஓசை தணியும். கருமையான கடின நார்க்கற்றைகள் ஓரத்தில் நெருங்கியும் நடுவில் விலகியும் இருப்பதே காரணம். ஒருவித்திலைத் தாவரத்தின் தண்டில் சாற்றுக்குழாய்க் கற்றைகள் சிதறிக் கிடக்கும், ஆண்டு வளையம் இராது என்று பாடநூலில் படித்ததை மாணவர்கள் இங்கே காதால் கேட்கிறார்கள். வேம்பிலும் தேக்கிலும் இது தலைகீழ். வைரம் பாய்ந்த பகுதி உள்ளே இருக்கும்.

இந்த வேறுபாட்டைத் தொல்காப்பியத்தின் மரபியல் குறித்து வைத்திருக்கிறது. உள்ளே வைரம் உடையது மரம். வெளியே வைரம் உடையது புல். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல்லினம். இன்றைய தாவரவியலும் இவற்றைப் புல்லைப் போலவே ஒருவித்திலைத் தாவரங்களில் சேர்க்கிறது. தமிழாசிரியரையும் அன்று ஆய்வகத்துக்கு அழைத்துக்கொள்ளலாம்.

பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் மரமும் நல்ல மூலப்பொருளே. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் நாதசுவரம் செய்வோர், பழைய வீடுகளின் உத்தரங்களிலிருந்து எடுத்த, பல்லாண்டு உலர்ந்த ஆச்சா மரத்தைத் தேடிப் பிடிப்பார்கள். ஈரம் முழுதும் வற்றிய மரம் பிறகு சுருங்கி வளையாது. அந்த நாதசுவரம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் தேவை சிறியதுதான். ஆனால் பொருளை எப்படித் தேர்வது என்பதற்கு அவர்களே ஆசிரியர்கள். பழைய மரத்தை வாங்கினால் முதலில் காந்தத்தால் தடவி ஆணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பெயின்ட் பூசிய பலகையில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்த்துவிடலாம். சரக்குகளோடு வரும் பொதிமரங்களில் முத்திரை இருக்கும். 'எச்.டி.' என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது, வெட்டலாம். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம்.

பலகைகள்

எம்.டி.எஃப். பலகைக்கு நார்த்திசை கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெட்டுப்படுவதால் தொடக்கநிலை மாணவர்க்கு எளிது. ஆனால் அது சீவலாக வராது, மாவாகப் பறக்கும். மரத்தூளையும், இப்பலகையின் பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் தொகுதியில் வைத்துள்ளது. அதற்காக அஞ்சி ஒதுக்க வேண்டியதில்லை. தூள் உறிஞ்சி, என்.95 முகக்கவசம், திறந்த சன்னல் ஆகிய மூன்றும் இருந்தால் மட்டும் வெட்டுவது என்று விதி வைத்துக்கொள்ளலாம். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

இன்னொன்று, நம் ஊர்க் காற்று. கடலோர ஈரத்தில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், எம்.டி.எஃப். உப்பிவிடும். பலகையைச் சுவரில் சாய்க்காமல் தட்டையாக, தரையிலிருந்து உயர்த்தி அடுக்க வேண்டும். இயந்திரத்தின் இரும்புத் தண்டுகளையும் உப்புக்காற்று விடாது. வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்கும் பொறுப்பை ஒரு குழுவிடம் கொடுங்கள்.

பிளாஸ்டிக் வகைகள்

அக்ரிலிக் சுமார் 105 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். முனை வேகமாகச் சுழன்று மெதுவாக நகர்ந்தால் அது வெட்டுவதில்லை, தேய்க்கிறது. தேய்த்த சூட்டில் பிளாஸ்டிக் உருகி முனையில் சுற்றிக்கொள்ளும். கடையில் கேட்கும்போது வார்ப்பு அக்ரிலிக் என்று கேட்டு வாங்க வேண்டும். அது மற்ற வகையைவிடக் குறைவாக உருகும். ஒரே வெட்டுவாய் உள்ள முனை இதற்கு ஏற்றது.

தண்ணீர் பிடித்து வைத்திருந்த பழைய நீல டிரம்கள் எச்.டி.பி.இ. எனும் பாலிஎத்திலீனால் ஆனவை. மென்மையாக, நீண்ட சுருள்களாக வெட்டுப்படும். வேதிப்பொருளோ பூச்சிமருந்தோ இருந்த டிரம்மை மட்டும் தொடவே கூடாது. எச்.டி.பி.இ.யில் எந்த ஒட்டுநாடாவும் சரியாக ஒட்டாது. திருகாணி போட்டே பிடிக்க வேண்டும்.

பெயர் தெரியாத பிளாஸ்டிக்கை அடையாளம் காண ஒரு வாளித் தண்ணீர் போதும். பாலிஎத்திலீனின் அடர்த்தி நீரைவிடக் குறைவு, மிதக்கும். அக்ரிலிக் சுமார் 1.18, திண்மமான பி.வி.சி. சுமார் 1.4, இரண்டும் மூழ்கும். ஆனால் விளம்பரப் பலகை செய்வோர் பயன்படுத்தும் பி.வி.சி. ஃபோம் ஷீட் மிதக்கிறது. ஏன் என்று கேட்டு மாணவர்களைச் சற்று திண்டாட விடுங்கள். உள்ளே அடைபட்ட காற்றுக்குமிழிகளை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பி.வி.சி. ஃபோம் ஷீட்டை ரவுட்டரில் வெட்டலாம். லேசர் வெட்டுப்பொறியில் வைக்கவே கூடாது. லேசர் அதை எரிக்கும்போது ஹைட்ரஜன் குளோரைடு வளிமம் வெளிப்படும். அது மூச்சுக்கும் கேடு, பொறிக்கும் கேடு.

ஃபைபர் கண்ணாடி கலந்த மின்சுற்றுப் பலகை, கார்பன் இழைத் தகடு, கற்பலகை ஆகியவற்றை எங்கள் ஆய்வகத்தில் வெட்டுவதில்லை. அவற்றின் நுண்துகளை அடக்கும் வசதி வகுப்பறையில் இல்லை. தஞ்சை நெட்டியையும் நாங்கள் இயந்திரத்தில் வைப்பதில்லை. கோரைபோல நீரில் வளரும் அந்தத் தண்டின் மென்மைக்குக் கூரிய கத்தியும் பழகிய கையுமே பொருத்தம். எந்த வேலைக்கு இயந்திரம் தேவையில்லை என்று அறிவதும் இப்பாடத்தின் பகுதிதான்.

விரல்களால் படிக்கும் வரைபடம்

பொருள் தேர்வுக்கு ஒரு நோக்கம் வேண்டும். பார்வைக் குறையுடைய மாணவர் தொட்டு அறியும் காரைக்கால் வரைபடம் என்பதை நான் பணியாகக் கொடுத்தேன். காரைக்கால் நகராட்சி, கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய கொம்யூன்கள் என மொத்தம் ஆறு துண்டுகள். கழற்றி மாட்டலாம். அரசலாறு பள்ளமாக ஓடும். கடற்கரை விளிம்பு மேடாக நிற்கும்.

இப்போது விவாதம் கூர்மையாகிறது. பிளைவுட் மலிவு, ஆனால் விளிம்பில் சிலாம்பு நிற்கும், விரலில் ஏறும். எம்.டி.எஃப். விளிம்பு வியர்வை பட்டுப் பட்டு உப்பும், துண்டுகள் மாட்டாமல் போகும். அக்ரிலிக் விளிம்பு கூர்மை. நெடுநேரம் தேய்க்க வேண்டும். எச்.டி.பி.இ. கைக்கு இதம், ஆனால் டிரம்மின் வளைவு தட்டையாக விடாது. கடைசியில் 5 மி.மீ. பி.வி.சி. ஃபோம் ஷீட் என்று முடிவாயிற்று. "நாம் கண்ணால் பார்த்து அழகு சொல்லக்கூடாது சார், கண்ணை மூடித் தடவிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்" என்றாள் ஒரு மாணவி. அதன்பின் எல்லா மாதிரிகளும் கண்ணை மூடியே மதிப்பிடப்பட்டன.

கணக்கு எங்கே வருகிறது?

நகரும் வேகத்துக்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு: சுழற்சி × வெட்டுவாய்களின் எண்ணிக்கை × ஒரு வெட்டுவாய் எடுக்கும் சீவலின் தடிமன். நிமிடத்துக்கு 10,000 சுழற்சி, 2 வெட்டுவாய், 0.03 மி.மீ. சீவல் எனில் நிமிடத்துக்கு 600 மி.மீ. சுற்றளவு 60 செ.மீ. உள்ள ஒரு துண்டை, 5 மி.மீ. தடிமனை ஒவ்வொரு மி.மீ. ஆக ஐந்து சுற்றில் வெட்டினால் 3,000 மி.மீ. பயணம், 5 நிமிடம்.

3 மி.மீ. முனையால் உட்புறச் செங்கோண மூலையைக் கூர்மையாக வெட்ட முடியாது. 1.5 மி.மீ. ஆரமுள்ள வளைவே கிடைக்கும். வெட்டப்படாமல் எஞ்சும் பரப்பு எவ்வளவு? ஆரத்தின் வர்க்கத்தை, 1-லிருந்து பையின் நான்கில் ஒரு பங்கைக் கழித்த மதிப்பால் பெருக்க வேண்டும், ஏறத்தாழ 0.48 சதுர மி.மீ. பத்தாம் வகுப்பு மாணவர் இதைக் கணித்துவிட்டு, எல்லைக்கோட்டின் கூரான உள்மூலைகளை வரைபடத்திலேயே மழுக்கிக் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தா.

நான்கு பாடவேளைத் திட்டம்

முதல் வேளையில் மாணவர்கள் வீட்டிலிருந்தும் மரவாடியிலிருந்தும் கழிவுத் துண்டுகளைக் கொண்டுவந்து, வாளி, காந்தம், தராசு கொண்டு சோதித்து வகைப்படுத்துவார்கள். இரண்டாம் வேளையில் ஐந்து பொருள்களில் ஒரே மாதிரி 2 செ.மீ. வட்டமும் ஒரு நேர்கோடும் வெட்டப்படும். மூன்றாம் வேளையில் சீவலின் வடிவம், விளிம்பின் தன்மை, ஓசை, தூளின் அளவு ஆகியவற்றை அட்டவணையாக்குவார்கள். நான்காம் வேளையில் நோக்கத்தைச் சொல்லி, பொருளைத் தேர்ந்து, காரணத்தை எழுதுவார்கள். இயந்திரம் இல்லாத பள்ளியில் உளி, ரம்பம், உப்புத்தாள் கொண்டும், தொடக்கப்பள்ளியில் குளியல் சோப்பும் கரண்டியும் கொண்டும் இதே திட்டத்தை நடத்தலாம். சோப்பில் செதுக்கும் குழந்தையும் சீவலுக்கும் மாவுக்கும் உள்ள வேறுபாட்டை அறியும்.

ஓடும்போது கண்ணாடிக் கவசம் கட்டாயம். துப்பட்டாவை ஊக்கு குத்தியும், சடையை மடித்துக் கட்டியும் நிற்க வேண்டும். சுழலும் முனைக்கு அருகே கையுறை கூடாது, அது இழுத்துக்கொள்ளும். நிறுத்தும் பொத்தானின் அருகே எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும்.

வெட்டிய மாதிரிகளைத் தூக்கி எறியாமல் ஒரு பலகையில் வரிசையாக ஒட்டி, பொருளின் பெயர், முனை, வேகம், 'வெட்டலாம் / கூடாது', காரணம் என எழுதி ஆய்வகச் சுவரில் மாட்டுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் அதில் இல்லாத ஒரு பொருளையேனும் தேடிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பதை அவர்களது முதல் வேலையாக வையுங்கள்.